அடிமை வீரனின் பெயர் தாங்கிய காற்பந்துக் குழு

மாஸ்கோ நகரின் பிரெஸ்னியா என்னும் தொழிலாளர் வட்டாரத்தில், 1922இல் நிக்கொலாய் ஸ்தாரொஸ்தினும் அக்கம்பக்கத்து வாலிபர்களும் ஒரு காற்பந்துக் குழு அமைத்தார்கள். உணவுத் தொழிலாளர் சங்கம் சில காலம் அதை ஆதரித்தது. ‘இறைச்சி’ என்ற பட்டப்பெயர் அதனால் வந்து இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது! 1935இல் சூட்டிய பெயர்தான் ஸ்பார்ட்டக். ரோமாபுரி எஜமானர்களை எதிர்த்து எழுந்த அடிமை வீரன் ஸ்பார்ட்டகஸின் பெயர் அது.

டைனமோ குழு காவல்துறையுடையது; இன்னொன்று இராணுவத்தினுடையது. ஸ்பார்ட்டக்குக்குப் பின்னால் நின்றதோ கூட்டுறவுத் தொழிலாளர் சங்கம். ஆகவே சாமான்ய ஜனங்கள் ‘இது நம்ம குழு’ என்றார்கள்.

1939இல் கிண்ணத்தையே வென்றாகிவிட்டது. பிறகு, முடிந்துபோன அரையிறுதியை ட்பிலிசி டைனமோவுடன் மறுபடி ஆடச் சொல்லி மேலிடத்து உத்தரவு! இப்படியும் ஓர் அநியாயம் உண்டா? காவல்துறைத் தலைவர் பெரியா, டைனமோவின் புரவலர். ஸ்பார்ட்டக் பேசாமல் இறங்கி ஆடி, 3-2இல் மறுபடியும் ஜெயித்தது.

1942இல் நிக்கொலாயும் மூன்று தம்பிமாரும் கைதானார்கள், பத்தாண்டுத் தண்டனை. ஸ்டாலின் மறைந்த மறு ஆண்டு, 1954இல்தான் நிக்கொலாய் மாஸ்கோ திரும்பினார். திரும்பியவர் மீண்டும் அதே குழுவின் பொறுப்பை ஏற்றார். 1996இல் அவர் காலமானபோதும் ஸ்பார்ட்டக்குக்குச் சொந்த அரங்கம் இல்லை. அது 2014இல்தான் கிடைத்தது.