பழைய திட்டங்களின் முடிவு: அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தில் சுமை யார்மீது விழுந்தது?

2009 ஜூனில் சிகாகோவில் நடந்த அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் அதிபர் பராக் ஒபாமா ஓர் உறுதிமொழி தந்தார்: இப்போதுள்ள காப்பீட்டுத் திட்டம் பிடித்திருப்பவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். பிறகு பல மேடைகளிலும் இதையே சொன்னார். 2013 இலையுதிர்காலத்தில், சொந்தமாகக் காப்பீடு வாங்கியிருந்த பல லட்சம் பேருக்கு, அவர்களுடைய திட்டம் முடிவுக்கு வருகிறது என்று காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து கடிதம் போனது. அந்த நவம்பரில் அதிபர் தொலைக்காட்சிப் பேட்டியில் வருத்தம் தெரிவித்தார்.

இதை வாக்குத் தவறியதாகவோ நிர்வாகக் கோளாறாகவோ எழுதிவைப்பதே வழக்கம். இரண்டும் போதா என்பது என் வாதம். சொந்தமாகக் காப்பீடு வாங்குவோரின் தனிநபர் சந்தையில் பழைய திட்டங்களை முடிக்காமல் ஒபாமாவின் காப்பீட்டுச் சீர்திருத்தத்தைச் செய்திருக்கவே முடியாது. அந்த உண்மையை மக்களிடம் சொல்லாமல் விட்டது முதல் தவறு. அதற்கான செலவை மிகச் சிறிய, அமைப்பாகத் திரளாத ஒரு பகுதியினர்மீது இறக்கியது இரண்டாவது தவறு, அதுவே பெரியது.

உறுதிமொழி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அரசு ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. சம்பளத்தைக் கூட்ட வழியில்லாத முதலாளிகள் ஆள் பிடிக்க மருத்துவக் காப்பீட்டைக் கையிலெடுத்தனர். முதலாளி கட்டும் பிரீமியத்துக்கு ஊழியர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை என்பதை 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் உறுதிசெய்தது. 2010 வாக்கில் ஏறக்குறைய 15 கோடிப் பேர் இந்த ஏற்பாட்டுக்குள் இருந்தனர். கையில் இருப்பது போய்விடுமோ என்ற இவர்களின் அச்சமும் 1993–94இல் அப்போதைய அதிபர் கிளிண்டனின் காப்பீட்டுச் சீர்திருத்தத் திட்டத்தைச் சாய்த்தது. ஒபாமாவின் வாக்குறுதி இவர்களை நோக்கியது. ஆனால் தனிநபர் சந்தையில் இருந்தவர்களும் அதைத் தமக்கானதாகவே கேட்டார்கள். அப்படிக் கேட்க அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

ஒபாமாவின் சீர்திருத்தச் சட்டத்தின் 1251ஆம் பிரிவு வாக்குறுதிக்கு ஒரு வடிவம் கொடுத்தது. சட்டம் கையெழுத்தான 2010 மார்ச் 23 அன்று நடப்பில் இருந்த திட்டங்களுக்குப் புதிய விதிகள் பலவற்றிலிருந்து விலக்கு கிடைத்தது. காப்பீட்டுத் துறையில் 'கிராண்ட்ஃபாதர்டு' எனப்படும் இவற்றைப் பழந்திட்டங்கள் என்கிறேன். அந்த ஜூனில் வந்த விதிமுறைகளைப் படித்தால் இந்த விலக்கு எவ்வளவு மெல்லியது என்று தெரியும். மருத்துவமனைச் செலவில் நோயாளியின் பங்கு 20 விழுக்காடாக இருந்து 21 ஆனால் போதும், தகுதி போய்விடும். முதலாளி கட்டும் பிரீமியப் பங்கு 80 விழுக்காட்டிலிருந்து 74க்கு இறங்கினாலும் அப்படியே. மருத்துவரைப் பார்க்கும்போது கட்டும் கோ-பே 30 டாலரிலிருந்து 45 ஆவது 50 விழுக்காடு உயர்வு. மருத்துவ விலையேற்றத்தோடு 15 விழுக்காட்டுப் புள்ளிகளைக் கூட்டினால் வரும் வரம்பை அது தாண்டினால் தகுதி இல்லை. ஆண்டுதோறும் விலை ஏறும் ஒரு துறையில், எதையும் மாற்றாமல் இருக்கும் திட்டத்துக்கு மட்டுமே பாதுகாப்பு என்பது, காலப்போக்கில் யாருக்கும் பாதுகாப்பில்லை என்பதே.

நிறுவனத் திட்டங்களில் இந்தத் தேய்வு ஓசையின்றி நடந்தது. கைசர் குடும்ப அறக்கட்டளையின் கணக்கெடுப்பின்படி, நிறுவனக் காப்பீடு பெற்ற ஊழியரில் பழந்திட்டங்களில் இருந்தோர் 2011இல் 56 விழுக்காடு, 2014இல் 26, 2019இல் 13. யாரும் தெருவுக்கு வரவில்லை. காரணம் எளிது: ஒரு நிறுவனத்தில் நோயாளியும் நலமானவரும் ஏற்கெனவே ஒரே குழுவில் இருந்தார்கள். உடல்நிலையைக் காட்டி ஓர் ஊழியரிடம் மட்டும் கூடுதல் பிரீமியம் வாங்குவதை 1996ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தது. 26 வயதுவரை பிள்ளைகளுக்குக் காப்பீடு, வாழ்நாள் உச்சவரம்பு நீக்கம் போன்ற புதிய கடமைகள் பழந்திட்டங்களுக்கும் பொருந்தின. அவை ஊழியருக்கு வரவாகவே வந்தன. பெரிய நிறுவனங்களின் திட்டங்களுக்கு, புதிய சட்டத்தின் அத்தியாவசியச் சிகிச்சைப் பட்டியலைப் பின்பற்றும் கட்டாயமும் இல்லை.

தனிநபர் சந்தை அப்போது நேர்மாறாக இருந்தது. நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்கள் நீங்கலாக, விண்ணப்பத்தில் நோய் வரலாற்றைக் கேட்டு, நீரிழிவுக்காரரையோ புற்றுநோயிலிருந்து மீண்டவரையோ காப்பீட்டு நிறுவனம் மறுக்க முடிந்தது. மகப்பேற்றுச் செலவைப் பெரும்பாலான திட்டங்கள் ஏற்கவில்லை. நலமானவருக்குக் கிடைத்த குறைந்த பிரீமியம், நோயாளியை வாசலில் நிறுத்தியதால் கிடைத்தது. 2014 ஜனவரி முதல் யாரையும் மறுக்கக் கூடாது, உடல்நிலை பார்த்து விலை வைக்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. நலமானவர்கள் பழைய மலிவுத் திட்டங்களிலேயே தங்கிவிட்டால், புதிய திட்டங்களில் நோயாளிகள் மட்டுமே மிஞ்சுவர். பிரீமியம் எட்டாத உயரத்துக்குப் போகும். ஆகவே பழைய திட்டங்கள் முடிந்தது சட்டத்தின் கணக்கிலேயே அடங்கியிருந்தது.

2013 நவம்பர் 14 அன்று அரசு பின்வாங்கி, முடியவிருந்த திட்டங்களை நீட்டிக்க மாநிலங்களுக்கு விருப்புரிமை தந்தது. கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் மறுத்தன. அரசியல் நெருக்கடியில் அவை எடுத்த முடிவு கடினமானது. சரியானதும் அதுவே என்று கருதுகிறேன்.

தனிநபர் திட்டத்தில் யாரும் நெடுநாள் இருப்பதில்லை, அதனால் இழப்பு பெரிதல்ல என்றொரு மறுப்பு உண்டு. 40 முதல் 67 விழுக்காடு தனிநபர் பாலிசிகள் ஓராண்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதாக 2010ஆம் ஆண்டு விதிமுறை ஆவணமே குறிப்பிட்டது. தகவல் உண்மை, அது வாக்குறுதி தந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது என்பதே மறுப்பைப் பலவீனமாக்குகிறது. மேலும், வேலை கிடைத்துத் தாமாக விலகுவதும், கடிதம் வந்து விலக்கப்படுவதும் ஒன்றல்ல. அந்தக் கடிதங்கள் பல, அதே நிறுவனத்தின் விலை கூடிய மாற்றுத் திட்டத்தையே காட்டின. மானியம் கிடைக்கும் அரசுச் சந்தையைப் பற்றி மூச்சுவிடவில்லை. அந்தச் சந்தையின் வலைத்தளமோ அக்டோபர் முதல் நாளிலிருந்தே முடங்கிக் கிடந்தது.

செலவு யார்மீது விழுந்தது என்று பார்ப்போம். 2014இல் தனியாள் ஒருவரின் ஆண்டு வருமானம் 45,960 டாலரைத் தாண்டினால் பிரீமிய மானியம் ஒரு சென்ட் கூடக் கிடையாது. சொந்தமாகக் கடை நடத்தும், ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் ஒருவர் 47,000 டாலர் ஈட்டினால், நோயாளிகளோடு சேர்ந்து இடர் பகிரும் முழு விலையையும் அவரே கட்ட வேண்டும். அதே நகரத்தில் மூன்று லட்சம் டாலர் சம்பளம் வாங்கும் நிறுவன அதிகாரியின் காப்பீட்டுக்கு வரிவிலக்கு தொடர்ந்தது. வருமானம் ஏற ஏற அதன் பயனும் பொதுவாக ஏறும். நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வது நாடு முழுவதற்கும் உரிய கடமை என்றால், அதன் விலையை நாடு முழுவதும் வரி வழியாகப் பகிர்ந்திருக்க வேண்டும்.

அந்தத் திசையில் சட்டத்தில் ஒரு முயற்சி இருந்தது. தனியாளுக்கு 10,200 டாலர், குடும்பத்துக்கு 27,500 டாலர் என்ற வரம்பைத் தாண்டும் நிறுவனத் திட்டங்களின் கூடுதல் தொகைக்கு 40 விழுக்காடு வரி. 2018இல் தொடங்க வேண்டியது. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் வழக்கத்துக்கு மாறாக ஒரே அணியில் நின்று எதிர்த்தனர். இருமுறை தள்ளிப்போடப்பட்டு, ஒரு டாலர்கூட வசூலாகாமல் 2019 டிசம்பரில் அது நீக்கப்பட்டது. தனிநபர் திட்டக்காரர்களுக்குச் சங்கமும் இல்லை, முதலாளியும் இல்லை. அவர்களுக்கான மானியத்தின் வருமான உச்சவரம்பை 2021ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது, அதுவும் தற்காலிகமாக. பின்னர் அந்தத் தளர்வு 2025 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. நிறுவன ஊழியரின் வரிவிலக்குக்கு 1954 முதல் இப்படியொரு கெடு வைக்கப்பட்டதில்லை.