ஓடை காட்டிய வழி

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ, குன்றுகளின் மேல் எழுந்த நகரம். அதன் நடுவே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள சைக்கிள் பாதை ஒன்று உண்டு. அது நேராகச் செல்வதில்லை. தெருவுக்குத் தெரு வலமும் இடமுமாகத் திரும்புகிறது. அதனால் அதற்கு ‘விகிள்’ என்று பெயர். ‘நெளிவு’ என்று பொருள். குன்றுகள் நிறைந்த ஊரில் இப்பாதையின் சரிவு சராசரியாக 3 சதவீதந்தான். எங்கும் 6 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இது எப்படி நேர்ந்தது? விடை காண நகரின் வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

தாளில் வரைந்த தெருக்கள்

1839-ஆம் ஆண்டில் வியோஜே என்பவர் இவ்வூருக்கு முதல் தெரு வரைபடத்தைத் தயாரித்தார். 1847-இல் ஓ'ஃபாரல் என்ற நில அளவையாளர் அதை விரிவாக்கினார். மறு ஆண்டே கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. மக்கள் திரண்டு வந்தனர். சதுரங்கப் பலகை போல் நேர்க்கோடுகளால் பிரித்த மனைகளை அளப்பதும் எளிது, விற்பதும் எளிது. பின்னர் நகரம் வளர்ந்தபோதும் பெரும்பாலும் இதே முறை தொடர்ந்தது. தாளில் குன்று தெரியாது அல்லவா? அளவுகோல் வரைந்த கோடு நேரே குன்றின் மேல் ஏறி இறங்கியது. ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதியில் சரிவு 31.5 சதவீதம். அதாவது, கிடையாக 100 மீட்டர் செல்வதற்குள் 31.5 மீட்டர் உயர வேண்டும்!

இந்தப் பிழைக்கு விலை கொடுத்தவை முதலில் குதிரைகள். மழையில் நனைந்த கல் பாவிய தெருக்களில் வண்டியிழுத்த குதிரைகள் சறுக்கி விழுந்து மாண்டன. 1869-இல் அத்தகைய காட்சியொன்றைக் கண்டு மனம் வருந்தியே ஹாலிடி என்பவர் மாற்று வழி தேடினார் என்று சொல்வர். சுரங்கங்களுக்கு இரும்புக் கம்பிவடம் செய்து வந்தவர் அவர். தெருவுக்கடியில் ஓடும் ஒரு வடத்தை நீராவி எந்திரம் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும். மேலே செல்லும் பெட்டி அதைப் பற்றிக்கொண்டு ஏறும். 1873-இல் கிளே தெருவில் இந்த வண்டி ஓடியது. குதிரையின் சுமை நிலக்கரிக்கு மாறிற்று.

சைக்கிள்காரருக்கோ குதிரையும் இல்லை, நீராவியும் இல்லை. 1896 ஜூலை 25-ஆம் நாள் சுமார் 5,000 பேர் நல்ல சாலை கேட்டு இந்நகரில் சைக்கிளில் ஊர்வலம் சென்றனர். நல்ல சாலை போட்டுவிடலாம்; குன்றை என்ன செய்வது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சைக்கிளும் ஆளுமாக 80 கிலோகிராம் நிறை என்று கொள்ளுங்கள். 30 மீட்டர் உயரம் ஏற வேண்டும். செய்ய வேண்டிய வேலை 80 × 9.8 × 30 = 23,520 ஜூல். எந்த வழியில் சென்றாலும் இது மாறாது. காற்றுத் தடையையும் உராய்வையும் விட்டுவிடுவோம். காலின் திறன் 150 வாட் என்றால் ஏற 157 விநாடி ஆகும். இதுவும் இரு வழிக்கும் ஒன்றே.

அப்படியானால் வேறுபாடு எங்கே? 3 சதவீதச் சரிவில் இந்த 157 விநாடியில் 1,000 மீட்டர் போகலாம்; வேகம் மணிக்கு 23 கிலோமீட்டர். 18 சதவீதச் சரிவில் 167 மீட்டர்தான். வேகம் மணிக்கு 4 கிலோமீட்டருக்கும் குறைவு. இது நடக்கும் வேகம். சைக்கிள் தள்ளாடிச் சாயும். சாயாமலிருக்க மணிக்கு 8 கிலோமீட்டராவது வேண்டுமென்றால் 300 வாட்டுக்கு மேல் திறன் வேண்டும். சாதாரண மனிதரின் கால்கள் அதை நெடுநேரம் தர இயலாது.

இன்னொன்றும் உண்டு. குன்றின் உச்சிக்கு ஏறி மறுபுறம் இறங்கினால், வீணாக ஏறிய உயரத்தின் ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகக் கழிகிறது. உச்சியைத் தவிர்த்துத் தாழ்வான வழியே சென்றால் இந்த இழப்பு இல்லை. ‘விகிள்’ செய்வது இதைத்தான்.

மறைந்த ஓடை

தாழ்வான அவ்வழியை முதலில் கண்டுபிடித்தது தண்ணீர். ‘சான் சூசி’ என்ற ஓடை முற்காலத்தில் இப்பள்ளத்தாக்கில் ஓடியது. நகரம் வளர்ந்தபோது அது மூடப்பட்டு, நீர் நிலத்தடிக் குழாய்க்குள் சென்றது. ஆனால் நிலத்தின் வடிவம் மறையவில்லை. டுபோஸ், ஸ்டைனர், வாலர், பியர்ஸ், ஹெய்ட், ஸ்காட் தெருக்கள் வழியே மாறி மாறித் திரும்பும் சைக்கிள்காரர் அந்தப் பள்ளத்தாக்கையே பின்பற்றுகிறார். பாதை தொடங்குமிடத்தில் ஒரு நீண்ட சுவரில் மோனா கரோன் என்ற ஓவியர் 1998-இல் இந்த வழியின் கதையைத் தீட்டியிருக்கிறார். மறுமுனையிலிருந்து கோல்டன் கேட் பூங்காவுக்கு மர நிழலில் செல்லலாம்.

அழகிய காட்சி வேண்டுமா? ஸ்காட் தெருவிலேயே சற்று மேலே ஏறினால் அலமோ சதுக்கம். 1890-களில் கட்டிய வண்ண மர வீடுகளும், அவற்றின் பின்னே நகரின் உயர்ந்த கட்டடங்களும் ஒருங்கே தெரியும். அந்தக் காட்சிக்கு மட்டும் சலுகை இல்லை. உயரத்துக்கேற்ற ஜூல்களைச் செலுத்தியே ஆக வேண்டும்!

நிலத்தைப் பாராமல் கோடு போட்டால் அதன் விலையை யாரேனும் கொடுத்தே தீர வேண்டும்; குதிரையோ, நிலக்கரியோ, மனிதக் காலோ. அடுத்த மழையின்போது உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வழியே ஓடுகிறது என்று கவனியுங்கள். சைக்கிளுக்கு எளிய வழியை அது உங்களுக்குக் காட்டக்கூடும்.