நெடுநல்வாடையில் ஓவியமும் உள்ளமும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகீழ்ப் பருவக்காற்று திருகோணமலைத் துறைமுகத்தே மழையொடு வந்து மோதுகின்றது. மேனாட்டு ஓவியர் உதிரும் இலையாற் காட்டும் மனநிலையை, இலையுதிர் காலம் அறியாத தமிழ்ப் புலவர் இக்கூதிர்க் குளிராற் காட்டினர்.

நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை 188 அடிகளில் இதனைத் தீட்டுகின்றது. ஆயர் மேட்டுநிலஞ் சேர்ந்து தீக்காய்கின்றனர். விலங்குகள் மேய்தலை மறக்கின்றன. சாந்தரைக்கும் வட்டக்கல் பயனின்றிக் கிடக்கின்றது. இக்குளிர் புறவுலகினது மட்டுமன்று. தலைவனைப் பிரிந்த அரசியின் உள்ளத்ததுமாம். அவள் கட்டிலுக்கு மேலே, மெழுகு பூசிய சீலையில் விண்மீன்கள் எழுதப்பட்டுள்ளன. திங்களைப் பிரியாத உரோகிணியை அங்கே கண்டு அவள் நெடிதுயிர்க்கின்றாள். வாய் சொல்லாத துயரை ஓவியம் சொல்லிவிடுகின்றது.

பாசறையிலோ, அரசன் நள்ளிரவில் வாடையினூடே நடந்து, புண்பட்ட வீரரைக் காண்கின்றான். அவன் பெயரைப் பாட்டுக் கூறவில்லை. முன்செல்வோன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டுள்ளது. வேம்பு பாண்டியர் அடையாளம். அது தலைவனைச் சுட்டுதலின் பாட்டுப் புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் துணிபு. அவ்வுரையை உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டோடு பதிப்பித்தார்.

எழுதிய உரோகிணி அகத்தைத் திறக்கின்றாள். கட்டிய வேம்பு புறத்தை நாட்டுகின்றது. பிரிந்தாள் துயரும் பிரிந்தான் கடமையும் ஒரே வாடையில் நிற்பதே இப்பாட்டின் மாட்சி.