குற்றமுயற்சியைத் தானாகக் கைவிடல்

குற்றத்தில் இறங்கிய ஒருவர், பிறர் தடுக்காமலே மனம் மாறி அதை நிறுத்திக்கொள்வது. சில நாடுகளில் இது தண்டனையிலிருந்து விடுவிக்கும் எதிர்வாதம். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு தனி எதிர்வாதம் இல்லை. எனினும் ஆயத்தம் எது, முயற்சி எது என்று பிரிக்கும்போது நீதிமன்றங்கள் மனமாற்றத்துக்கு இடம் கொடுத்துள்ளன.

சட்ட அடிப்படை

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் தந்த வரைவிலிருந்து உருவான இந்திய தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 511ஆம் பிரிவு, தனி விதி இல்லாத குற்றமுயற்சிகளுக்கு, மூலக் குற்றத்துக்குரிய உச்சபட்சச் சிறைக்காலத்தில் பாதி வரை விதிக்க வழிசெய்தது. நகைப்பெட்டியை உடைத்து, உள்ளே நகையில்லாமல் போனாலும் அது முயற்சியே என்கிறது பிரிவின் எடுத்துக்காட்டு. பெட்டியை நெருங்கிவிட்டுத் தானே திரும்பியவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கூட்டுக்கொள்ளை போன்ற சிலவற்றைத் தவிர, வெறும் ஆயத்தம் தண்டனைக்குரியதல்ல.

சென்னை உயர் நீதிமன்றம்

மதுரை உள்ளிட்ட சென்னை மாகாணத்தில் இந்த எல்லையைத் தெளிவாக்கிய தீர்ப்புகள் இரண்டு. பொய்யாவணம் எழுத முத்திரைத்தாள் வாங்கி, நகலும் தயாரித்து வைத்திருந்தது ஆயத்தம் மட்டுமே என்றது 1881ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 1884இல் வந்தது ராமக்கா வழக்கு. உயிரை விடப்போவதாகச் சொல்லிக் கிணற்றை நோக்கி ஓடிய பெண்ணை வழியிலேயே பிடித்துவிட்டார்கள். கிணற்றை அடையும் முன் அவர் மனம் மாறியிருக்கலாம் என்பதால், அது தற்கொலை முயற்சிக் குற்றமாகாது என நீதிமன்றம் முடிவுசெய்தது. தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை.

உச்ச நீதிமன்றம்

பொய்ச் சான்றிதழ்களைக் காட்டி பாட்னா பல்கலைக்கழக எம்.ஏ. தேர்வுக்கு அனுமதி பெற்ற அபயானந்த் மிஸ்ரா வழக்கில் (1961), குற்றத்துக்கு முந்தைய கடைசிச் செயல்வரை போயிருக்க வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். மல்கியத் சிங் வழக்கில் (1968) விடுதலை கிடைத்தது. உரிமம் இல்லாமல் 75 மூட்டை நெல் ஏற்றிய லாரி, டெல்லிக்கு 32 மைல் முன்பே சமால்கா சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டிருந்தது. மாநில எல்லையைத் தொடுமுன் லாரியில் சென்றவர்கள் மனம் மாறித் திரும்பியிருக்கலாம் என்று நீதிபதிகள் கருதினர். இத்துடன் நின்றால், இதுவரை செய்தது யாருக்கும் தீங்கில்லாமல் போகுமா என்பதே அவர்கள் வைத்த அளவுகோல்.

பிற நாடுகள்

பிரான்சின் 1810 சட்டப்படி, செய்பவரின் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட காரணத்தால் தடைபட்டால்தான் அது தண்டனைக்குரிய முயற்சியாக இருந்தது. ஜெர்மனியில் தானாக விலகியவருக்குத் தண்டனை இல்லை. அமெரிக்கச் சட்டக் கழகத்தின் 1962 மாதிரித் தண்டனைச் சட்டம் முழுமையான, தன்விருப்பமான கைவிடலை ஏற்கிறது. பிடிபடும் பயத்தில் விலகுவதும் நாளைக்கு என்று தள்ளிப்போடுவதும் அதில் சேராது. இங்கிலாந்து இந்த எதிர்வாதத்தை ஏற்பதில்லை. வைக்கோற்போர் அருகே தீக்குச்சியைக் கொளுத்தி, யாரோ பார்ப்பதைக் கண்டு ஊதி அணைத்தவரும் 1859இல் குற்றவாளியே ஆனார்.

இன்றைய நிலை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 62ஆம் பிரிவு பழைய 511ஐயே தொடர்கிறது. கைவிடலுக்குத் தனி விலக்கு சேர்க்கப்படவில்லை. மதுரைப் பகுதி வழக்குகளுக்கு 2004 ஜூலை 24 முதல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் மேற்கண்ட விளக்கங்கள் அதையும் கட்டுப்படுத்தும். ஆயத்தநிலையில் திரும்பியவருக்கு எதிர்வாதமே தேவைப்படாது. முயற்சி தொடங்கியபின் திரும்பியவர், தண்டனையைக் குறைக்கும்படி கேட்கலாமே தவிர, குற்றமற்றவர் என வாதிட முடியாது.