தலைப்பு வரியும் அடிவரியும்: கொலம்பியா விண்ணோடம் குறித்த ஒரு காட்சிவில்லை

காட்சிவில்லை வடிவமைப்பு குறித்த கையேடுகள் எழுத்துருவின் அளவையும் நிறப் பொருத்தத்தையும் வெற்றிடத்தையும் விரிவாகப் பேசுகின்றன. எவ்வரி மேலே நிற்க வேண்டும், எது கீழே செல்லலாம் என்னும் வினாவை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. அவ்வினாவின் கனத்தை உணர்த்தும் ஒரு வில்லையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ராபர்ட் கேஸ்கின்ஸ் முன்னின்று உருவாக்கிய பவர்பாயிண்ட் 1987 ஏப்ரலில் மெக்கின்டோஷ் கணினிக்காக வெளிவந்தது. அதை உருவாக்கிய நிறுவனத்தை அவ்வாண்டிலேயே மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் முதற்பதிப்பு, மேல்நிலை ஒளிவீழ்த்திக்குரிய ஒளிபுகு தாள்களைக் கறுப்பு வெள்ளையில் ஆயத்தம் செய்யவே பயன்பட்டது. நாசாவில் அத்தகைய தாள்கள் 'வியூகிராஃப்' எனப்பட்டன. கருவி மாறிய பின்னும் தலைப்பு, புள்ளியிட்ட வரிகள், உள்தள்ளிய சிறுவரிகள் என்னும் அமைப்பு மாறவில்லை.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா புறப்பட்ட ஏறத்தாழ 82 நொடிகளில், வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து பிரிந்த காப்பு நுரைத் துண்டொன்று அதன் இடச்சிறகைத் தாக்கியது. சேதத்தை மதிப்பிட்ட போயிங் பொறியாளர்கள் தம் முடிவுகளை நாசாவினருக்குக் காட்சிவில்லைகளாக வழங்கினர். அவற்றுள் ஒன்றை எட்வர்ட் டஃப்டி வரிவரியாகப் பகுத்தாய்ந்தார். அப்பகுப்பாய்வை விசாரணைக் குழுவின் 2003 ஆகஸ்ட் அறிக்கையும் எடுத்தாண்டது.

அவ்வில்லையின் தலைப்பு, வெப்பத்தடுப்பு ஓடுகளில் நுரை ஊடுருவுதல் குறித்த கணிப்பு பாதுகாப்பான பக்கம் சாய்ந்தது எனச் சோதனைத் தரவுகள் காட்டுவதாகக் கூறுகிறது. விரைந்து படிப்பவருக்கு அது ஆறுதலாகவே ஒலிக்கும். தலைப்பு உட்பட ஆறு படிநிலைகளில் வரிகள் இறங்குகின்றன என்பது டஃப்டியின் கணக்கு. 'குறிப்பிடத்தக்க' என்னும் பொருளுடைய சொல் ஐந்து முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்பது வெவ்வேறாகப் பொருள்படும். ஒரே அலகான கன அங்குலமும் ஒரே வகையில் எழுதப்படவில்லை. நுரை பிரிந்த சரிவுப்பகுதியின் பருமன் 1,920 கன அங்குலம், சோதனையில் எறியப்பட்டதோ 3 கன அங்குலம் என்னும் செய்தி மிகக் கீழே, மிகச் சிறிய எழுத்தில் நிற்கிறது. வேறுபாடு 640 மடங்கு. சோதனைத் தரவுகளைக் கொண்டு இத்தாக்குதலை மதிப்பிட இயலாது என்பதே அவ்வரியின் பொருள். அதாவது அது தலைப்பையே மறுக்கும் வரி.

அறிவியல் வில்லையின் தலைப்பு முழு வாக்கியமாக, ஒரு முடிவைக் கூறுவதாக இருக்க வேண்டும். அதன்கீழ்ப் படமோ வரைபடமோ சான்றாக அமைய வேண்டும் என மைக்கேல் ஆலி பரிந்துரைக்கிறார். நல்ல அறிவுரையே. ஆயினும் கொலம்பியா வில்லையின் தலைப்பும் முடிவு கூறும் தலைப்புத்தான் என்பதை இங்கு நோக்க வேண்டும். விதியின் முற்பாதி நிறைவேறியது, பிற்பாதி இல்லை. 3, 1,920 என்னும் எண்களை அளவொப்புமையுடன் இரு கட்டங்களாக வரைந்திருந்தால், அத்தலைப்பை எவரும் அப்படியே விட்டிருக்க இயலாது. ஆகவே பிழை அழகியல் சார்ந்ததன்று. வார்ப்புரு முதலில் தலைப்பைக் கேட்கிறது. எழுதுபவர் தாம் அடைய விரும்பிய முடிவை அங்கே வைத்துவிட்டு, ஐயங்களைக் கீழே அடுக்குகிறார். நம் ஆய்வரங்குகளில் இயல் முழுவதையும் பதினைந்து வரிகளாக ஒட்டும் வழக்கமும் (இக்கட்டுரையாளரும் விலக்கல்ல) இதன் மறுவடிவமே.

எனினும் விபத்தை வில்லையின் மீது மட்டும் சுமத்துவது பொருந்தாது. உடைந்தது வெப்பத்தடுப்பு ஓடன்று, சிறகின் முன்விளிம்பிலிருந்த வலுவூட்டிய கரிமப் பலகை. சிறகைப் படமெடுத்துப் பார்க்கப் பொறியாளர்கள் விடுத்த வேண்டுகோள்களும் நிறைவேறவில்லை. பிப்ரவரி 1 அன்று, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவருடன் விண்ணோடம் டெக்சாஸ் வான்பரப்பில் சிதறியது. தொழில்நுட்ப அறிக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வில்லைகளே பரவலாக வழங்கிவந்ததை, நாசாவின் தகவல் பரிமாற்றக் குறைபாட்டுக்கு எடுத்துக்காட்டாக விசாரணைக் குழு பதிவு செய்தது.