கருவுறு காலக் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மேற்கே கிடக்கும் அனலைதீவிலிருந்து பெரிய மருத்துவமனையை நாடுவோர் முதற்கண் படகேறி ஊர்காவற்றுறையை அடைதல் வேண்டும். இத்தகைய ஊரில் மகப்பேறு விழையும் தம்பதியர்க்கு, கருவுறு காலத்தை வீட்டிலிருந்தே எண்ணியறிதல் பெரும்பயன் தருவதாம். அவ்வெண்ணிக்கை தமிழர்க்குப் புதிதன்று.

பரத்தையிற் பிரிந்த தலைவனும், மனைவிக்குப் பூப்பு நிகழ்ந்தபின் பன்னிரண்டு நாள் அவளை நீங்கியிருத்தல் ஆகாதெனத் தொல்காப்பியக் கற்பியல் விதிக்கின்றது. முதல் மூன்று நாளை நீக்கி எண்ணும் இளம்பூரணர், அதுவே கருத்தோன்றுங் காலமெனக் காரணமுங் காட்டுவர். சுசுருத சங்கிதையும் இருதுகாலம் பன்னிரண்டு இரவென்றே கூறும். பொருளதிகாரத்தை 1885இல் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றியவர் நம் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

அந்நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர் நிலை யாது? பாலூட்டிகளின் முட்டையை வொன் பேயர் 1827இல் கண்டறிந்தார். எனினும், நாய் முதலிய விலங்குகளின் உதிரப்போக்கோடு ஒப்புநோக்கி, மாதவிலக்கு நாளையொட்டியே மாதரிடத்தும் முட்டை வெளிப்படுகின்றதெனப் பலர் துணிந்தனர். மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன், மகப்பேற்று நூலொன்றைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டது இக்கொள்கை ஓங்கியிருந்த நாளிலேயே. இவ்வொரு பொருளில் நம் பழைய உரைகாரர் கணக்கே உண்மைக்கு அணித்தாயிருந்தது வியப்பன்றோ!

ஆயினும் அக்கணக்கிலும் ஒரு குறையுண்டு. அது பூப்பிலிருந்து முன்னோக்கி எண்ணுவது. யப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஒகினோ 1924இல் எண்ணுந் திசையையே மாற்றினார். முட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிலக்கிற்கு 12 முதல் 16 நாள் முன்னர் என்றார். 28 நாட் சுற்றுடையாளுக்கு அது ஏறக்குறைய 14ஆம் நாள். பழைய எல்லையுள் அடங்கும். 35 நாட் சுற்றுடையாளுக்கோ 21ஆம் நாளளவில் நிகழும். பழைய எல்லை 15ஆம் நாளோடு முடிந்துவிடும். விதித்த நாளைத் தவறாது காத்தும் மலடியெனும் பழி சுமந்த பெண்டிர் எத்துணைப் பேரோ! குறை ஆணிடத்தும் இருத்தல் கூடுமென்பதை ஊரார் எண்ணிப் பார்ப்பது அரிது. ஒகினோவின் கணக்கை உலகம் கருத்தடைக்கே பெரிதும் கையாண்டது; அவரோ மகவு வேண்டுவோர்க்கு அது பயன்படுதலையே விரும்பினார்.

வெளிப்பட்ட முட்டை ஒரு நாளளவே உயிர்த்திருக்கும். விந்தணு ஐந்து நாள்வரை தங்கவல்லது. ஆகவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளுமே உரியன. கருப்பை வாயிற் சுரக்கும் கசிவு முட்டை வெண்கருப்போலத் தெளிந்து இழுபடுதல் அந்நாள் அணுகுவதை உணர்த்தும். விடியலிற் படுக்கைவிட்டெழுமுன் அளக்கும் உடல்வெப்பம் சிறிதுயர்வது முட்டை வெளிப்பட்ட பின்னரே. ஆதலின் அது வருமாதக் கணிப்புக்கே உதவும். சிறுநீரில் லூட்டினைசிங் ஓமோனின் எழுச்சியைக் காட்டும் சோதனைத்தாள் ஒன்று அல்லது ஒன்றரை நாள் முன்னரே அறிவிக்கும். மாதவிலக்கு ஒழுங்கற்றவர்க்கு நாளெண்ணுதல் மட்டும் போதாது. ஓராண்டு முயன்றும் கருவுறாதாரும், மனைவி 35 வயது கடந்தவளாயின் 6 மாதம் முயன்றாரும், இருவருமாகவே படகேறி மருத்துவரைக் காணுதல் தக்கது.