டிஜிட்டல் நாடோடி வாழ்வு (லிஸ்பன்)

டிஜிட்டல் நாடோடி வாழ்வு என்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கோ வாடிக்கையாளர்களுக்கோ இணையவழி வேலை செய்துகொண்டு அயல்நகரில் தற்காலிகமாகத் தங்கும் வாழ்முறை. மாக்கிமோட்டோ, மானர்ஸ் இருவரும் 1997இல் எழுதிய நூல் இப்பெயரைப் பரப்பியது. போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன் இதன் முக்கிய ஐரோப்பிய மையம். லண்டனோடு ஒத்த நேர மண்டலம், மிதமான குளிர்காலம், 2016 முதல் அங்கு நடக்கும் வெப் சம்மிட் தொழில்நுட்ப மாநாடு ஆகியன ஈர்ப்புகள். இவ்வாறு வேலை செய்வோருக்காகப் போர்ச்சுகல் 2022 அக்டோபர் இறுதியில் கொண்டுவந்த டி8 விசாவுக்கு, அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் நான்கு மடங்கு மாத வருமானம் தேவை. உள்ளூர்த் தொழிலாளரோடு உள்ள வருமான இடைவெளியை இவ்வரம்பே காட்டும். அல்ஃபாமா போன்ற பழைய பகுதிகளில் வீடுகள் குறுகியகால வாடகைக்கு மாறியதால் நெடுநாள் குடியிருந்தோர் பலர் வெளியேற நேர்ந்தது. சுற்றுலாவும் அயல்முதலீடும் இதில் பெரும்பங்கு வகிப்பதால் நாடோடிகளை மட்டும் பொறுப்பாக்குவது பொருந்தாது. 2023இல் நகர்ப்புற அடுக்ககங்களில் புதிய குறுகியகால வாடகை உரிமங்களை அரசு நிறுத்தியது. 2024இல் அத்தடை நீங்கி, அதிகாரம் நகராட்சிகளிடம் சென்றது.